இரண்டு வாரப் பத்தியம்

‘சென்ற வாரம் உணவை ரசித்துச் சாப்பிட முடிந்ததா?’ என்ற கேள்வியில் சாய்லியனின் பேனா நின்றது. புற்றுநோய் ஆஸ்பத்திரியின் சீன மருத்துவப் பிரிவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தத் தாளை நிரப்பித் தர வேண்டும். வழக்கமாக அவள் அப்பா ஹூ செங்குய் நிரப்புவார். இன்று மூச்சு வாங்கியதால் வெளியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ‘இல்லை’ என்று குறித்து டாக்டர் துவானிடம் நீட்டினாள்.

டாக்டர் பழைய தாள்களைப் புரட்டினார். “மூணு தடவையும் நல்லா ரசிச்சேன்னு போட்டிருக்காரே. இப்ப பசி எடுக்கலியா?”

“இப்பதான் டாக்டர் பசியே போச்சு. முன்னல்லாம் கேப்பாரு. நான்தான் குடுக்கல. நீங்க சொன்ன பத்தியம்தானே, ஆட்டுக்கறி, மீனு, முட்டை, காரம்...”

“சளியில ரத்தம் வந்தப்ப ஆட்டுக்கறியும் காரமும் வேணாம்னேன். அதுவும் ரெண்டே வாரம். மீனும் முட்டையும் யாரும்மா சொன்னது?”

யார் சொன்னது? மீனை அத்தை சொன்னாள். முட்டை கைபேசியில் வந்தது. ஒவ்வொன்றாகக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிக்கொண்டே போனாள். இரண்டு வாரம் முடிந்ததும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நோய் அடங்கிக் கிடக்கும்போது எதையாவது மாற்றிவைப்பானேன் என்ற பயம். அப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

டாக்டர் தந்த கஷாயம் கை கொடுக்காமல் இல்லை. ஊசி மருந்தின் குமட்டல் குறைந்தது. தூக்கம் வந்தது. ஆறு மாதம் தினமும் சியான் நகரத்து மதில்வரை நடந்து போய்வந்தார். நாக்கும் அப்போது உயிரோடுதான் இருந்தது. திரும்பும் வழியில் ஆட்டுக்கறி சூப் கடை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுவார். “நோவு நுரையீரல்லடி, நாக்குல இல்ல” என்பார். “உசுரு முக்கியமா, சூப்பு முக்கியமா?” என்று இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவாள். ஒருநாள் திருட்டுத்தனமாக இரண்டு வாய் குடித்துவிட்டார். முப்பது வருஷம் அவரோடு பஸ் ஓட்டியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நடுத்தெருவில் கத்தித் தீர்த்தாள். மனுஷன் வாயைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். அப்புறமும் தாளில் ரசித்தேன் என்று போட்டிருக்கிறார், இவளை யாரும் குறை சொல்லிவிடக்கூடாதென்று. பாவி, என்ன காரியம் செய்துவிட்டோம்.

“இனிமே அவருக்கு என்ன பிடிக்குதோ குடும்மா” என்றார் டாக்டர். பழைய தாள்களை மூடிவைத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அந்தக் கடைக்கே கூட்டிப்போனாள்.

“என்னடி, வழி மாறிட்டியா?”

“டாக்டர் சாப்பிடச் சொல்லிட்டாருப்பா.”

அப்பா அவளை ஒருகணம் பார்த்தார். உள்ளே போய் உட்கார்ந்தார். கடைக்காரன் வெறும் கிண்ணத்தையும் இரண்டு ரொட்டியையும் வைத்துவிட்டுப் போனான். அந்த ரொட்டியை அவரவரே பிய்த்துப் போட்டால்தான் மேலே சூப்பு வரும். அப்பாவுக்கு நடுநடுவே மூச்சு வாங்கியது. ஆனாலும் பட்டாணி அளவுக்குச் சரியாகப் பிய்த்தார். இவள் கை நீட்டினாள்.

“நீ பிச்சா மாட்டுத் தீவனம் மாதிரி இருக்கும். தள்ளு.”

முக்கால் மணிநேரம் ஆயிற்று. கிண்ணம் உள்ளே போய் ஆவி பறக்கத் திரும்பி வந்தது. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். கஷ்டப்பட்டு விழுங்கினார். இன்னொரு கரண்டி. பிறகு கிண்ணத்தை இவள் பக்கம் நகர்த்தினார்.

“ருசி ஒண்ணும் தெரியலம்மா. வெந்நி மாதிரி இருக்கு. நீ சாப்பிடு, ஆறினா கொழுப்பு உறைஞ்சிடும்.”

“அப்பா, என்னாலதான்...”

“சாப்பிடுடின்னா.”

சாப்பிட்டாள். நன்றாக இருந்தது. அத்தனை நன்றாக இருந்ததை அவளால் தாங்க முடியவில்லை.

“எப்படி இருக்கு?” அப்பா மேஜைமேல் சாய்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிளகு கொஞ்சம் தூக்கலா இருக்குப்பா.”

“இங்க எப்பவும் அப்படித்தான். கறி?”

“பஞ்சு மாதிரி வெந்திருக்கு. ஓரத்துல கொழுப்பு. வாய்ல வச்சதும் கரையுது.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

“ம். அப்புறம்?”

அவள் அடுத்த கரண்டியை எடுத்தாள்.