பெயர் சொல்லிக் கேட்ட தண்ணீர்

தனபாலன் இருபத்தாறு ஆண்டுகள் சுங்கை ஊடாங்கில் ஓர் எண்ணெய் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து திரைகளைப் பார்த்தவர். சூடு ஏறினால் இறக்க வேண்டும், இறங்கினால் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை என்பார். ஓய்வு பெற்ற பிறகு அவர் கண்காணிக்க மிஞ்சியது மனைவி புனிதாவின் உடம்பு. அவளுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, கண்டு பதினோரு வருடம் ஆகிறது. காலை ஆறரைக்கு விரல்நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், நோட்டில் ஓர் எண், பிறகு மாத்திரை, பிறகு பசியாறல்.

"நான் என்ன ஒங்க ஆலையா?" என்று புனிதா சலித்துக்கொள்வாள்.

"ஆலை இவ்வளவு வாய் பேசாது" என்பார் இவர்.

கிளினிக்கில் தாதி மிஸ்ஸி ஜெயா விளக்கியபோதும் அவருக்கு ஆலைதான் நினைவுக்கு வந்தது. நல்ல உடம்பில் யாரும் உட்கார்ந்து பார்க்காமலே எல்லாம் நடக்கிறது. வெயிலில் வேர்வை வந்து குளிர வைக்கிறது. குளிரில் நடுக்கம் வந்து சூடேற்றுகிறது. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைக் கணையம் இறக்கிவிடுகிறது; பட்டினி கிடந்தால் ஈரல் தன் சேமிப்பிலிருந்து கொடுத்துச் சரிக்கட்டுகிறது. புனிதாவுக்கு அந்த இறக்கும் வேலையை மாத்திரை செய்தது. ஆனால் மாத்திரைக்குக் கண் கிடையாது. வயிறு நிறைந்திருக்கிறதா, காலியா என்று அது பார்க்காது.

"மாத்திரை போட்டா சாப்ட்டே ஆகணும்ணே. இல்லன்னா சக்கரை கீழ போயிடும். நாலுக்குக் கீழ போனா ஆபத்து லா" என்று ஜெயா சொன்னதை அவர் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார்.

இருவரும் ரெம்பியா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே வகுப்பு. அந்தக் காலத்தில் புனிதா அவரை "டேய் தனபாலா" என்றுதான் கூப்பிடுவாள். அழிரப்பர் கேட்டாலும் அதே குரல்தான், அடிக்க வந்தாலும் அதே குரல்தான். 'பா'வில் கொஞ்சம் இழுத்து, 'லா'வில் சட்டென்று வெட்டுவாள். கல்யாணம் நிச்சயமான அன்று அவள் அம்மா காளியம்மா, "இனிமே அவரு பேர சொன்ன, வாயில சூடு வச்சிருவேன்" என்று சொல்லிவிட்டார். அன்றோடு நின்றது. முப்பத்து நாலு வருடமாக 'ஏங்க', 'இங்க பாருங்க'. மகள் பிறந்த பிறகு 'மலரு அப்பா'. கிளினிக் கவுண்டரில் கணவர் பெயரைக் கேட்டால் அவருடைய அடையாள அட்டையான ஐ.சி.யை எடுத்து நீட்டுவாள். சில சாயங்காலங்களில், மழை விட்ட நேரத்தில், காரணமே இல்லாமல் தனபாலனுக்கு அந்தக் குரல் ஞாபகம் வரும். கேட்டு வாங்குகிற பொருளா அது?

தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. திருவிழாவுக்கு மட்டும் எல்லாரும் காரில் வந்து சேர்வார்கள். காளியம்மா இருந்தவரை ஒவ்வொரு வருடமும் அவர் மேல்தான் அம்மன் இறங்குவாள். வரிசையாக எல்லாரும் தலையைக் குனிந்து நிற்பார்கள். இடுப்பு வலிக்காரி, பிள்ளையில்லாதவள், கோர்ட்டு கேஸ் உள்ளவன் எல்லாரையும் தொட்டு, ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்டு, விபூதி வைப்பார் காளியம்மா. அவர் செத்து நாலு வருடம். நாலு வருடமும் உறுமி மேளம் முழங்கியது. யார் மேலும் அம்மன் வரவில்லை.

"எங்கம்மா எடம் காலியாவே கெடக்கு. இந்த வருசம் நான் பால்குடம் எடுக்கிறேன்" என்றாள் புனிதா.

அவள் எதற்கு ஆசைப்படுகிறாள் என்று தனபாலனுக்குத் தெரியும். "எடு. ஆனா வெரதம் வேணாம். பசியாறிட்டு எடு" என்றார். அவளும் சரி என்றாள்.

திருவிழா அன்று காலை ஆறரைக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, காரில் மடக்கு நாற்காலிகளை ஏற்றிக்கொண்டே, "பசியாறிட்டியா?" என்று கேட்டார்.

"ம்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

கட்டுப்பாட்டு அறையில் இருந்தவரை வாய்ச்சொல்லை நம்பி அவர் ஒரு வால்வைக்கூடத் திறந்ததில்லை. அன்று நம்பினார்.

பத்தரை மணிக்குப் பால்குடங்கள் கோயிலுக்குத் திரும்பின. நல்ல வெயில். புனிதா குடத்தை இறக்கிக் கொடுத்துவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மஞ்சள் புடவை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. கை நடுங்கியது. பிறகு தோள், பிறகு உடம்பு முழுக்க. கண் எதையும் பார்க்காமல் எங்கேயோ நிலைகுத்தியது.

"அம்மா வந்துட்டாடா!" என்று யாரோ கத்தினார்கள். உறுமிக்காரர்கள் ஓடிவந்து அவளைச் சுற்றிக்கொண்டு அடியை வேகப்படுத்தினார்கள். கிழவிகள் குலவை போட்டார்கள். புனிதாவின் அண்ணன் வீரப்பன், கோயில் தலைவர், கண்ணில் நீரோடு தங்கையின் காலில் விழுந்தார்.

தனபாலனும் கைகூப்பித்தான் நின்றார். மாமியாரை இதே இடத்தில், இதே நடுக்கத்தில், எத்தனை முறை பார்த்திருக்கிறார்! மனைவிக்கு அவள் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது என்று அவருக்கும் நிறைவாக இருந்தது.

"சொல்லு தாயி, ஒனக்கு என்ன வேணும்?" என்றார் வீரப்பன்.

புனிதாவின் தலை திரும்பியது. கூட்டத்தில் எதையோ தேடியது.

"டேய் தனபாலா! தண்ணி குடுடா!"

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்வாளா? அதுவும் டா போட்டு? வேறு அத்தாட்சியே வேண்டாம். "அம்மாவேதான்!" என்று இருசம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எண்பதை நெருங்கும் பழைய பால்மரக்காரி அவள். காளியம்மாவோடு ஒரே நிரையில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டியவள்.

தனபாலன் மட்டும் கூப்பிய கைகளை இறக்கினார். 'பா'வில் இழுத்து 'லா'வில் வெட்டிய அந்தக் குரல் அம்மனுடையது இல்லை. நாலாம் வகுப்பு புனிதாவுடையது. நினைவு தப்பி எங்கோ அடியில் இறங்கிப்போன ஒருத்தி, அங்கே கைக்குக் கிடைத்த பெயரைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுகிறாள். வேர்வை, நடுக்கம், பார்வை. அடிக்கோடு போட்ட வரி கண்முன் வந்தது. உடம்பு தன் எல்லா அபாயமணியையும் அடித்துக்கொண்டிருக்கிறது; இவர்களோ அதற்கு உறுமி வாசிக்கிறார்கள்.

தண்ணீர்ப் பந்தலுக்கு ஓடினார். ரோஜா நிறச் சர்க்கரைப் பானமான சிராப்பைக் குவளை நிறைய மொண்டு, அதில் இன்னும் இரண்டு கரண்டி சர்க்கரைப் பாகு ஊற்றிக்கொண்டு வந்தார். வீரப்பன் குறுக்கே கையை நீட்டினார்.

"மாப்ள, என்ன இது? அம்மா வந்திருக்கா. சிராப்ப போயி குடுக்கிறீங்க? எளநி வெட்டச் சொல்லியிருக்கேன்."

வாதாட நேரமில்லை. சர்க்கரை, மாத்திரை என்று ஆரம்பித்தால் கமிட்டியே கூடிப் பேசும்.

"மச்சான், அம்மா யாருகிட்ட கேட்டா? பேர சொல்லி என்கிட்டதான கேட்டா? நான் கையில எடுத்தத நான்தான் குடுக்கணும். நடுவுல நீங்க வந்தா நல்லாருக்காது."

வீரப்பனின் கை தானாக இறங்கியது.

"மேளத்த நிறுத்துங்கப்பா! அம்மா தண்ணி குடிக்கிறா!" என்று தனபாலன் போட்ட சத்தத்தில் உறுமி சட்டென்று நின்றது. அவளை உட்கார வைத்து, தோளில் சாய்த்துக்கொண்டு, வாய் வாயாகக் கொடுத்தார். பாதி புடவையில் வழிந்தது. மீதியை விழுங்கினாள். விழுங்குகிறாள், விழுங்குகிறாள் என்று தொண்டையையே பார்த்தார். தோள்பையிலிருந்து கருவியை எடுத்து விரலில் குத்தினார். இரண்டு புள்ளி ஏழு.

இன்னொரு குவளை. பிறகு காத்திருக்க வேண்டும். கால்மணி நேரம் என்று ஜெயா சொல்லியிருந்தாள். ஆலையில் இரவெல்லாம் திரையைப் பார்த்து விழித்திருந்தவருக்கு, வாழ்க்கையிலேயே நீளமான கால்மணி நேரம் அதுதான். முதலில் வேர்வை அடங்கியது. பிறகு நடுக்கம். பிறகு கண்கள் திரும்பி வந்து, அவர் முகத்தில் நின்றன. நாலு புள்ளி ஒன்பது.

"அம்மா வந்தாளா?" என்றாள் புனிதா மெதுவாக.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் சாட்சி சொல்வார்கள்.

"வரல புனிதா. சக்கரை எறங்கிடுச்சு. நீ சாப்ட்டியான்னு பாக்காம நான்தான் மாத்திரைய குடுத்தேன்."

"இட்லிய பூனைக்குப் போட்டுட்டேன். வயிறு காலியா இருந்தாத்தான் வருவான்னு…" என்றவளுக்குக் குரல் உடைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஏதும் பேசுனனா?"

"என் பேர சொன்ன. டா வேற."

"ஐயையோ! எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"உறுமிய மீறிக் கேட்டுச்சு" என்றார். சிரிக்கத்தான் நினைத்தார், கண்ணில் நீர் முட்டிவிட்டது. "முப்பத்து நாலு வருசம் கழிச்சுக் கேட்டேன், புள்ள."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

அதற்குள் விபூதித் தட்டோடு வீரப்பன் வந்துவிட்டார். அவர் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு பதினைந்து இருபது பேர் வரிசை. முதல் ஆள் இருசம்மாள். புனிதா எழுந்து நின்றாள்.

"அண்ணே, அம்மா வரல. எனக்கு இனிப்பு நீரு. சாப்புடாம மாத்திரை போட்டுட்டேன், மயக்கம். அவ்ளோதான்."

வீரப்பனின் முகம் விழுந்தது. வரிசையில் சலசலப்பு. இருசம்மாள் மட்டும் நகரவில்லை.

"எது வந்தா என்னடி? காளியம்மா பெத்த கையி. வையி தலயில."

புனிதா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். விபூதியைத் தொட்டு, கிழவியின் நெற்றிவரை கொண்டுபோன கை அங்கேயே நின்றது.

"பெரியம்மா, ஒங்களுக்கும் இனிப்பு நீருதான?"

"ஆமா, ஏழெட்டு வருசமா."

"காலையில மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன். மிஸ்ஸி திட்டுவாளே."

"பசியாறுனீங்களா?"

இருசம்மாள் தரையைப் பார்த்தாள். "வெரதம்ல…"

புனிதா விபூதியை அழுத்திப் பூசினாள். "மொதல்ல போயி ஒரு குவளை சிராப்பு குடிங்க. அப்புறம் பந்தியில ஒக்காந்து சாப்புடணும். நான் பாத்துக்கிட்டேதான் இருப்பேன். ம், அடுத்தது யாரு?"

அடுத்தவர் தலையைக் குனிந்தார். கேள்வி அதேதான். பதிலும் ஏறக்குறைய அதேதான். காளியம்மா சொன்னால் எப்படி மறுபேச்சு இல்லாமல் போவார்களோ, அப்படியே ஒவ்வொருவராகத் தண்ணீர்ப் பந்தலுக்குப் போனார்கள். தனபாலன் அங்கே நின்று மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்.