இரண்டாக ஒடிந்த கொப்பு

1

"ஏம்மா, இங்க இருந்த பாதை எங்க போச்சு?"

இந்தக் கதை இந்தக் கேள்வியிலிருந்து கிளம்பியது. கேட்டவள் சண்முகப்பிரியா, முதுகில் பெரிய பையோடு மலை ஏற வந்தவள். கேட்கப்பட்டவள் இதை எழுதுகிறவள். இடம், அய்யம்பாளையத்திலிருந்து ஆடலூருக்கு ஏறும் சாலையோரத்தில் வீரம்மாவின் டீக்கடை. எழுதுகிறவள் வீரம்மாவின் மகள். அப்போது கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள்.

பாதை எங்கே போனது என்று அவளுக்கும் தெரியவில்லை. முந்தாநாள்வரை கடைக்கு எதிரேதான் இருந்தது. சாலையை அகலப்படுத்துகிறவர்கள் வெட்டிய மண்ணை அதன் வாயில் கொட்டினார்கள். இப்போது அங்கே ஒரு செம்மண் மேடு. எழுதுகிறவள் தலையை ஒரு மாதிரி அசைத்தாள். அதை ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

(இதற்கு முன் வேறொரு தொடக்கம் இருந்தது. "மலைமுகடுகளைப் பனி மெல்லத் தழுவிய அந்தக் காலையில்" என்று. அன்று பனியே இல்லை, ஜல்லிப் புழுதிதான். அடித்தாயிற்று.)

2

சண்முகப்பிரியா மதுரைக்காரி. அவளும் அவள் கணவன் ராஜமுருகனும் வருஷாவருஷம் நடக்கிறவர்கள். சாமிக்காக இல்லை, சும்மா. இந்த வருஷம் அய்யம்பாளையத்தில் ஏறி, கொடைக்கானல் தாண்டி, பூண்டிவரை நடப்பதாகத் திட்டம். அடிவாரத்திலேயே சண்டை வந்துவிட்டது. சண்டை எதனால் என்றால்,

எதனால் என்று அவள் சொல்லவில்லை. எழுதுகிறவள் ஒரு காரணம் உண்டாக்கிப் பார்த்தாள்: மாமியார். பிறகு இன்னொன்று: குழந்தை இல்லை. இரண்டும் யார் வீட்டுச் சண்டைக்கும் பொருந்துகிற காரணங்கள். ஆகவே இங்கே வெற்றிடமாகவே விடுகிறாள்.

ஆனால் விடியுமுன்னே அவன் தனியாகக் கிளம்பும்போது சொன்னதைச் சண்முகப்பிரியா வீரம்மாவிடம் அப்படியே சொன்னாள். "நான் முன்னால போறேன். இருட்டறதுக்குள்ள வந்து சேந்தா சேந்து நடப்போம். வரலைன்னா நீ என்னை விட்டுட்டேன்னு எடுத்துக்கிறேன். அப்புறம் வீட்டுக்கு வர மாட்டேன்."

"போன் போட வேண்டியதுதானம்மா?" என்றாள் வீரம்மா.

"அவரு போனும் என் பையிலதாங்க இருக்கு. சார்ஜ் போடுற பேட்டரிய நான்தான் தூக்குவேன்."

இந்த மலையில் நடக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாதை பிரிகிற இடத்தில், முன்னால் போகிறவர், தாம் போகாத பாதையின் குறுக்கே ஒரு பச்சைக் கொப்பை ஒடித்துப் போட்டுவிட்டுப் போவார். பின்னால் வருகிறவர் கொப்பு இல்லாத வழியில் போக வேண்டும். ராஜமுருகனும் போட்டிருப்பான் என்று சண்முகப்பிரியா உறுதியாக நம்பினாள். எவ்வளவு கோபத்திலும் போடாமல் போனதில்லையாம்.

கடைக்கு எதிரே வழி இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் தார்ச்சாலை, ஆடலூருக்கு. வலப்பக்கம் மண்மேட்டுக்குப் பின்னால் எங்கேயோ பழைய நடைபாதை, ஆடலூரைத் தொடாமல் மிளகுத் தோட்டங்கள் வழியாக நேரே உச்சிக்கு. இரண்டும் மேலே சேர்வதில்லை. தப்பான வழியில் போனால் அன்று அவனைப் பிடிக்க முடியாது.

இரண்டு வழியிலும் கொப்பு கிடந்தது.

3

(இந்தப் பகுதியில் எழுதுகிறவள் எதையும் கற்பனை செய்யவில்லை. பேச்சு நன்றாக இருந்ததால் தேவைப்படவில்லை.)

சாலையின் குறுக்கே தகர டிரம் இரண்டு, நடுவில் கம்பு. பக்கத்தில் சிவப்புக் கொடியோடு செல்லப்பாண்டி. வீரம்மாவுக்குத் தூரத்து உறவு. சாலை வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

"யக்கா, போகக் கூடாது. மேல பாறைக்கு வெடி வச்சிருக்கு. சாயந்தரந்தேன் விடுவோம்."

"வண்டியத்தானே விடக் கூடாது? நான் நடந்து போறேன்."

"வண்டி எது, காலு எதுன்னு வெடிக்குத் தெரியுமாக்கும்?"

"நீ உக்காரும்மா" என்றாள் வீரம்மா. "கொடியப் பிடிச்ச நாள்லேருந்து அவன் கலெக்டர் ஆயிட்டான்."

"ஏன் அத்தே, ஒங்க கடைக்கு ஆள் சேத்து விடுறது யாரு? இந்தக் கொடிதான?"

டிரம்மில் ஒரு அறிவிப்புப் பலகை சாத்தியிருந்தது. பேருந்து எப்படிச் சுற்றிப் போக வேண்டும், லாரி எப்படிச் சுற்றிப் போக வேண்டும் என்று அம்புக்குறி போட்டு எழுதியிருந்தார்கள். நடக்கிறவர் எப்படிப் போவது என்று இல்லை. நடக்கிறவர் என்று ஒரு கூட்டம் இருப்பதே பலகைக்குத் தெரியாது. சாலை மூடினால் வண்டிக்கு நேரம்தான் போகும். நடக்கிறவருக்கு வழியே போய்விடும்.

சண்முகப்பிரியா இரண்டு கொப்புகளையும் காட்டிக் கேட்டாள். "தம்பி, இதுல எது நீங்க போட்டது?"

"ரெண்டும் நாந்தேன்."

"அப்ப எங்க வீட்டுக்காரர் போட்டது?"

"அவுகளும் போட்டாகளா?" செல்லப்பாண்டி கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யோசித்தான். "காலையில வெள்ளனே நான் வரையில ஒரு பெரிய கொப்பு கெடந்துச்சுக்கா. லாரி ரிப்பேராகி நின்னா பின்னாடி போடுவாகள்ல, அதுமாதிரி நம்ம பயகதான் ஆபத்துன்னு போட்டிருக்காகன்னு நெனச்சேன். ஒரு கொப்புதான இருக்கு, வழி ரெண்டு இருக்கேன்னு, ரெண்டா ஒடிச்சு வழிக்கு ஒண்ணாப் போட்டுட்டேன்."

வீரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏலே, ஒன்னைய யாருலே ஒடிக்கச் சொன்னது?"

"நல்லதுக்குத்தான அத்தே செஞ்சேன்!"

"எந்தப் பக்கம் கிடந்துச்சு தம்பி? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அதாங்க்கா..." அவன் சாலையைப் பார்த்தான், மண்மேட்டைப் பார்த்தான். "நான் வர்றதுக்கு முந்தியே மண்ணள்ளுற மிசினு இப்படியும் அப்படியும் போயிருந்துச்சு. கொப்பு நடுவுலதேன் கெடந்துச்சு."

4

இனி எழுதுகிறவளுக்கே குழப்பம்.

ஒரு முடிவு: சண்முகப்பிரியா மண்மேட்டில் ஏறி, பழைய பாதையைக் கண்டுபிடித்து, மிளகுத் தோட்டத்துக்கு அப்பால் கால் பிசகி உட்கார்ந்திருக்கும் ராஜமுருகனை,

இல்லை. அவன் கால் பிசகுவது எழுதுகிறவளின் வசதிக்காக.

இன்னொரு முடிவு: அவள் தார்ச்சாலையில் போகிறாள். ஆடலூரில் அவன் இல்லை. இருட்டுகிறது. தோட்டங்களுக்கு மேலே எங்கேயோ ராஜமுருகன் கூடாரத்தை ஒரு ஆளுக்கு மட்டும் விரித்துக்கொண்டு, அவள் தன்னை விட்டுவிட்டாள் என்று முடிவு செய்கிறான். அவள் விடவில்லை. வெடி வைத்தவர்களும் மண் கொட்டியவர்களும் சேர்ந்து அவளுக்காகப் பதில் சொல்லிவிட்டார்கள். இது நன்றாகத்தான் இருந்தது. எழுதிவிட்டு எழுதுகிறவள் கொஞ்சம் அழவும் செய்தாள்.

ஆனால் இதை நம்புவதற்கு ஒன்று இடைஞ்சலாக இருந்தது. மத்தியானம் வெடிச் சத்தம் ஓய்ந்துவிட்டது. செல்லப்பாண்டி கொடியை டிரம்மில் செருகிவிட்டுச் சாப்பிடப் போனான். அவன் போனதைச் சண்முகப்பிரியா பார்த்தாள். கம்பு முழங்கால் உயரம்தான். மண்மேட்டுக்குக் காவலே இல்லை. போக நினைத்திருந்தால் எந்தப் பக்கமாவது போயிருக்கலாம்.

அவள் இன்னொரு டீ சொன்னாள்.

எழுதுகிறவள் டீயைக் கொண்டுபோய் வைத்தபோது அவள் முகத்தைப் பார்த்தாள். காலையில் வந்தபோது அந்த முகத்தில் இருந்த பதற்றம் இல்லை. பிறர் அடைத்த வழிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவளின் முகம் அது. அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவளும் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

(இப்படி நினைத்தது சரியா என்று தெரியவில்லை. கால் வலியாகவும் இருக்கலாம். வெடிக்குப் பயமாகவும் இருக்கலாம். டீ நன்றாக இருந்தும் இருக்கலாம்.)

"எம்மா, அந்தக்கா ஏன் போகல?" என்று எழுதுகிறவள் உள்ளே வந்து மெதுவாகக் கேட்டாள்.

"புருஷன் பொண்டாட்டி சோலி நமக்கெதுக்கு? போயி அடுப்பப் பாரு" என்றாள் வீரம்மா. ஆனால் அவளும் எட்டிப் பார்த்தாள்.

5

வெயில் இறங்கும்போது மேலேயிருந்து விசில் சத்தம் வந்தது. செல்லப்பாண்டி கம்பைத் தூக்கினான்.

"யக்கா, விட்டாச்சு! வெரசா போனா இருட்டுறதுக்குள்ள போயிரலாம்."

சண்முகப்பிரியா எழுந்திருக்கவில்லை. கேட்டாள்: "தம்பி, இன்னும் கொஞ்ச நேரம் அடைச்சு வச்சிருக்க முடியாதா?"

செல்லப்பாண்டி வாயைப் பிளந்தான். "என்னக்கா வெளாடுறீகளா? காலையில தொற தொறன்னு என் உசுர எடுத்தீக. இப்ப அடைங்கிறீக. பின்னாடி பாருங்க, பஸ்ஸு நிக்கிது, லாரி நிக்கிது. அம்புட்டுப் பேரும் என்னைய வஞ்சே கொன்னுருவாக."

சொல்லிவிட்டுச் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

கதையில் இதற்குப் பிறகு அவள் பேச வேண்டும். எழுதுகிறவள் அவளுக்காகச் சில வாக்கியங்களை வைத்திருந்தாள். "அவரு காத்திருப்பாரு" என்று ஒன்று. "காத்திருக்கட்டும்" என்று ஒன்று. "மதுரை பஸ் எப்ப?" என்று ஒன்று. படிக்கிற உங்களுக்குப் பிடித்ததை எடுத்து அவள் வாயில் வைத்துப் பாருங்கள். எழுதுகிறவள் மூன்றையும் வைத்துப் பார்த்தாள். மூன்றும் பொருந்தின. அதுதான் பயமாக இருந்தது.

மேலே போகிற லாரிகளும் கீழே இறங்குகிற பஸ்ஸும் ஒன்றையொன்று உரசுகிற மாதிரி கடைக்கு முன்னால் நகரத் தொடங்கின. ஒரே புழுதி. இதை எழுதுகிறவள் தந்திரமாக வரவழைக்கவில்லை, உண்மையிலேயே வந்தது. ஆனால் வராமல் இருந்தாலும் இந்த இடத்தில் அவள் ஒரு லாரியை நிறுத்தித்தான் இருப்பாள். சண்முகப்பிரியா எந்தப் பக்கம் திரும்பினாள் என்று பார்க்கிற உரிமை, காலையிலிருந்து அவளுக்குக் கிளாஸ் கழுவிக் கொடுத்தவளுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

"இருட்டப் போவுது, என்னம்மா செய்யப் போற?" என்று வீரம்மா கேட்டாள்.

சண்முகப்பிரியா பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். இடுப்பு வாரை இழுத்துக் கட்டினாள். எழுதுகிறவளை ஒரு முறை பார்த்தாள். பிறகு புழுதிக்குள் நடந்து போனாள்.