தரைக்கு ஒரு சாண் மேலே

எல்லை தாண்டி இந்த நாட்டுக்குள் வந்த நாள்முதல் செருப்புக் கடைக்காரரின் மகள் தரைக்கு ஒரு சாண் மேலேதான் நடந்தாள். சோதனைச் சாவடி அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, இவளைத் தத்தெடுத்த தீர்ப்பு அயல்நாட்டு நீதிமன்றத்துடையது, இங்கே ஏற்கப்படும்வரை அப்படித்தான் இருக்கும் என்று முத்திரை குத்தி அனுப்பினார். தீர்ப்பு நகலும் எந்த மேசையிலும் அமராமல் ஒரு சாண் மேலேயே நின்றது.

அயல்நாட்டில் வேலை பார்த்தபோது கணவனும் மனைவியுமாகத் தத்தெடுத்த பெண் அவள். ஊர் திரும்புமுன் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். நீதிமன்ற எழுத்தர் புதிதாகத் தத்து மனுப் போடச் சொன்னார், இவரும் போட்டார். மனைவி இல்லாத ஆணுக்குப் பெண் குழந்தையைத் தத்துக் கொடுக்க இங்கே சட்டம் இல்லை என்று அது தள்ளுபடியானது. அன்று மகள் இன்னும் இரண்டு விரற்கடை உயர்ந்தாள். காற்று நாட்களில் தோல்வாரால் அவளைத் தன் இடுப்போடு கட்டிக்கொண்டார். பிறந்தநாளுக்கெல்லாம் ஷூ தைத்தார். எதிலும் அடி தேயவில்லை. “குடுத்து வெச்சவரு நீங்க. வீடு கூட்டும்போது காலத் தூக்குன்னு சொல்ல வேண்டியதில்ல” என்று எதிர்வீட்டு அக்கா சீண்டுவாள்.

மூன்றாம் வருடம் ஒரு பெண் வக்கீல், புதுத் தத்து வேண்டாம், பழையதை ஏற்கச் சொல்லிக் கேட்போம் என்றார். விசாரணையன்று ஜன்னல்களில்கூட ஆள். குழந்தையைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார் அரசு வக்கீல். கடைக்காரர் வாரை இறுகப் பிடித்தார். மிதந்த தீர்ப்பைப் படிக்க நீதிபதி அம்மாள் எழுந்து நின்றார். அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் தகவல் போனதா என்று கேட்டார். உண்டு, போனது என்றார் பெண் வக்கீல். பிறகு நீதிபதி தீர்ப்பின் தேதியில் விரல் வைத்துக் கடைக்காரரைப் பார்த்தார்.

“அன்னிக்கு உங்க சம்சாரம் இருந்தாங்களா?”

“இருந்தாங்கம்மா. அவதான் மொதல்ல கையெழுத்துப் போட்டா.”

“அப்புறம் என்ன? அங்க சரியா நடந்தத நான் இங்க மறுபடி நடத்தப் போறதில்ல. ஏத்துக்கிட்டாச்சு.”

முத்திரை விழுந்தது. காகிதம் மேசையில் படிந்தது. டக்கென்று இரண்டு குதிகால்கள் தரையைத் தொட்ட சத்தம் கடைசி பெஞ்சுவரை கேட்டது.

“அப்பா,” என்றாள் மகள், “ஷூ கடிக்குதுப்பா.”

அவர் மண்டியிட்டு வாரை அவிழ்த்தார், பிறகு நாடாவைத் தளர்த்தினார். எழுத்தர் அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். அந்த வருடம் மட்டும் அவளுடைய மூன்று ஜோடி ஷூக்களுக்கு அடி மாற்ற வேண்டியிருந்தது.