பழுதில்லாத மோட்டார்

மோட்டாரில் கோளாறு இருந்தே தீர வேண்டும். கருகின கம்பி, கழன்ற ஆணி, எதுவானாலும் சரி. இல்லையென்றால் தங்கச்சிக்கு என்ன பதில் சொல்வதென்று மோட்டார்காரருக்குத் தெரியவில்லை.

அவர் படகுக்குள் மண்டியிட்டிருந்தார். வெளியே ஓரப்பலகையில் தங்கச்சி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் இந்தப் படகில்தான் தன்னந்தனியாக மீன்பிடிக்கப் போனார். படகு மட்டும் கிடைத்தது, எங்கேயோ கண்காணாத தூரத்தில், டீசல் தீர்ந்து, ஆளில்லாமல். ஆட்டோபைலட் சுவிட்ச் போட்டது போட்டபடியே இருந்தது. ஆளைக் கடல் கொடுக்கவில்லை. இனிக் கொடுக்கப் போவதுமில்லை.

ஆட்டோபைலட் என்றால் பெரிய மாயமந்திரம் ஒன்றுமில்லை. திசையைக் குறித்துவிட்டால், சுக்கானோடு செயின் போட்டு இணைத்த சின்ன மோட்டார் ஒன்று படகை அந்தத் திசையிலேயே பிடித்து வைத்திருக்கும். ஆள் பின்னால் போய் வலையைப் பார்க்கலாம். ஆனால் இந்தக் கிழட்டு மோட்டார் அடித்த கூத்து கொஞ்சமா நஞ்சமா! ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று படுத்துக்கொள்ளும். பிடிக்க ஆளில்லாத படகு இருந்த இடத்திலேயே வட்டமடிக்கும்.

"உங்க தங்கச்சி மாதிரியேதான் மச்சான். பாதி வழியில மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நின்னுடுது," என்று மாப்பிள்ளை கடைக்கு வந்து சிரித்துவிட்டுப் போவார். அந்தச் சிரிப்புக்காகவே மோட்டார்காரர் ஒரு நாள் அதைக் கழற்றி, உள்ளே கரண்டைக் கடத்தும் கரித்துண்டுகளான கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருந்ததைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு போட்டுக் கொடுத்தார். அதற்கப்புறம் மாப்பிள்ளை வந்து குறை சொல்லவேயில்லை.

"என்னண்ணா, நீ போட்ட சாமான்தான் கெட்டுப்போச்சா?" என்றாள் தங்கச்சி.

அவருக்குச் சுருக்கென்றது. "பார்த்துக்கிட்டிருக்கேன்மா."

மீட்டரை வைத்துப் பார்த்தார், கரண்ட் வந்தது. ஒயரைப் பிடுங்கி பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தார், மோட்டார் சுற்றியது. மாற்றிக் கொடுத்தார், மறுபக்கம் சுற்றியது. இணைப்புகளை ஆட்டினார், தட்டினார். சுக்கானைக் கையால் அழுத்திப் பிடித்து, எங்கே ஓடு பார்ப்போம் என்று மல்லுக்கு நின்றார். சனியன், ஒரு தடவைகூடத் திணறவில்லை. மூடியைத் திறந்தால் அவர் போட்ட பிரஷ்கள் வைத்தது வைத்தபடி புத்தம்புதுசாக இருந்தன. இத்தனை சுத்தமாக அவர் வேறெந்த வேலையும் செய்ததில்லை.

மாப்பிள்ளை கால் இடறியோ, வலை இழுத்தோ தண்ணீரில் விழுந்திருப்பார். நீச்சலில் புலி. அன்றைக்குக் கடலும் சும்மாதான் கிடந்தது. பழைய பிரஷ்களாக இருந்திருந்தால் மோட்டார் எப்படியும் படுத்திருக்கும், படகு வட்டமடித்திருக்கும், மனுஷன் நீந்திப்போய் எட்டிப் பிடித்திருப்பார். இது படுக்கவில்லை. பின்னால் அவர் நீந்தி நீந்திக் கத்தக் கத்த, நூல் பிடித்தாற்போல் நேராகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஐயோ, பாவி மோட்டாரே!

"அண்ணா." தங்கச்சி திரும்பாமலே பேசினாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அவரு தண்ணியில கிடந்து தவிச்சாரா? கண்ண மூடினா நீந்துறாரு, என்னக் கூப்பிடுறாரு. அழக்கூட வரமாட்டேங்குது எனக்கு."

"இரும்மா. சொல்றேன்."

கட்டிங் பிளேயரை எடுத்தார். தன் கையால் போட்ட பிரஷ்ஷை உருவி, பிளேயரின் வாயில் வைத்து நெரித்தார். நல்ல சாமான், சட்டென்று உடையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை நெரித்தார்.

வெளியே வந்து உள்ளங்கையை நீட்டினார். கரித்தூளும் இரண்டு துண்டும் இருந்தன.

"நான் போட்டதுதான்மா. சரியா உக்காரல. உடைஞ்சு உள்ள மாட்டியிருக்கு. சுக்கான் ஒரே வெட்டா வெட்டித் திரும்பியிருக்கு. அந்த ஆட்டத்துல தலை கம்பியில மோதித்தான் விழுந்திருக்காரு. விழும்போதே நினைவு இருந்திருக்காது."

"தவிக்கலையா?"

"தவிக்கல."

"சத்தியமா?"

"என் தலைமேல சத்தியமா."

அவள் அந்தத் துண்டுகளையே பார்த்தாள். பிறகு ஓரப்பலகையில் தலையை முட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். செய்தி வந்த நாளிலிருந்து உள்ளே கட்டிக் கிடந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. அழட்டும், அழுது இன்றைக்காவது தூங்கட்டும் என்று மோட்டார்காரர் நினைத்துக்கொண்டார். தலையைத் தடவப் போன அவர் கையை அவள் தட்டிவிட்டாள்.

"என்னத் தொடாத! யாரு உன்ன அதுல கைவைக்கச் சொன்னா? நீ மட்டும் அந்த மோட்டாரத் தொடாம இருந்திருந்தா என் புருஷன் இன்னைக்கு உசுரோட இருந்திருப்பாரு. போ. இனிமே என் வாசப்படி மிதிக்காத."

பொய்யை நம்பித்தான் சொன்னாள். ஆனாலும் அதில் ஒரு வார்த்தையைக்கூட அவரால் மறுக்க முடியவில்லை.

"ஆமாம்மா," என்றார்.