தலைமாட்டுக் குச்சி

பவளம் அந்த மண்ணெண்ணெய்த் தகரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். தகரத்துக்குள் பந்து பந்தாக நீலப்பூ பூத்திருந்த ஹைட்ரேஞ்சியாச் செடி தலையை ஆட்டியது. தகரத்தின் மறுபக்கத்தைப் பிடித்திருந்தவன் காளியண்ணன், அவள் புருஷனின் தம்பி. லயத்து வாசலில், இவர்கள் இருவருக்கும் எட்டுகிற தூரத்தில், குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டிய ஆண்டியப்பன் பாடையில் கிடந்தான்.

"விடுங்க அண்ணி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இந்தச் செடி அவரு தலைமாட்டுக்குப் போகக் கூடாது."

பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு ஒப்பாரியைப் பாதியில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். பொம்பளைகள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். சாவு வீட்டில் சண்டை புதிதில்லை. மாலை, கோடித்துணி, யார் முன்னால் நடப்பது என்று எதற்கோ ஒன்றுக்கு வரத்தான் செய்யும். ஆனால் ஒரு பூச்செடிக்காகக் கட்டின பெண்டாட்டியே மல்லுக்கு நிற்பதை அந்த எஸ்டேட்டில் யாரும் கண்டதில்லை.

காளியண்ணனுக்கு முகம் சிறுத்துவிட்டது. அதே கேமரன் மலையில், திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருப்பவன் அவன். அவன் தோட்டத்துப் பூ லோரி ஏறிக் கோலாலம்பூருக்குப் போகிறது. அண்ணன் செத்த செய்தி கிடைத்ததும் தோட்டத்திலேயே நல்ல செடியாகப் பார்த்து, வேர் கலங்காமல் தோண்டி, வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். அடக்கத்தன்றே தலைமாட்டில் ஒரு செடி வைப்பது அந்த எஸ்டேட்டின் வழக்கம். சிமெண்டு பூசிக் கல்லறை கட்ட வசதியில்லாதவர்களுக்கு அந்தச் செடிதான் அடையாளம்.

"என்ன குறை அண்ணி இந்தச் செடிக்கு? இதைவிட நல்லது கேமரன்லயே இல்லலா."

"நல்ல செடிதான். அதனாலதான் வேணாங்கறேன்."

அவனுக்குப் புரியவில்லை. புரியவைக்கிற நிலைமையில் அவளும் இல்லை. நேற்று மத்தியானம் கவாத்துக் கத்தியோடு தேயிலைச் செடிகளுக்கு நடுவே குனிந்த ஆண்டியப்பன் நிமிரவே இல்லை. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போதிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சொல்லிக்கொள்ளாமல் போனானே என்பது ஒரு கோபம். போகும்போது பிள்ளையைப் புதைத்த இடத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டானே என்பது அதைவிடப் பெரிய கோபம்.

அவர்களுக்குப் பிறந்தது ஒரே பிள்ளை. தவழ ஆரம்பித்த வயதில் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. பொம்பளைகள் அடக்கத்துக்குப் போகக் கூடாது என்று லயத்து முனையிலேயே பவளத்தை நிறுத்திவிட்டார்கள். ஆண்டியப்பன்தான் தோளில் தூக்கிக்கொண்டு போனான். தலைமாட்டில் நட்டதும் இதே மாதிரி நீலப்பூச் செடிதான். கோழி எரு போட்டான். காலையும் மாலையும் வாளியில் தண்ணீர் சுமந்தான். செடி கொழுகொழுவென்று வளர்ந்ததாகச் சொன்னான். பிறகு தை, மாசி வெயிலில் அவனுக்கே காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டான். எழுந்து போய்ப் பார்த்தபோது செடி கருகி நின்றது. தண்ணீர் மேலாகவே கிடைத்துக்கொண்டிருந்ததால் வேரும் மேலாகவே நின்றுவிட்டது. அடுத்த மழைக்கு லாலாங் புல் ஏறியது. அதற்கடுத்த வருஷம் புல்லுக்கு யாரோ நெருப்பு வைத்தார்கள். புதுப் பிணங்களும் வந்தன.

"எங்க இருக்கான்?" என்று கேட்டால் ஆண்டியப்பன், "மேட்டுப் பக்கம்" என்பான். அதற்குமேல் சொல்ல மாட்டான். அவனுக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை என்பதைப் பவளம் வெகுகாலம் கழித்துத்தான் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஒன்று தொலைந்தது போதும், இவனையும் தொலைக்க முடியாது.

மழைக்கும் பனிக்கும் பேர்போன மலையில் வெயிலுக்குச் செடி காய்ந்தது என்றால் கீழே டவுனில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்த மேட்டைப் பார்த்தால் சிரிக்க மாட்டார்கள். ரோடு போட்டபோது வெட்டிக் கொட்டிய செம்மண்ணும் சரளையும்தான் அங்கே. மேற்கே பார்த்த சரிவு. மத்தியானம் ஏறிய வெயில் சாயும்வரை அங்கேயேதான் கிடக்கும். மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். தேயிலை பிடிக்காத இடமாகப் பார்த்துத்தான் அந்தக் காலத்துத் துரை பிணங்களுக்கு ஒதுக்கினார்.

காளியண்ணன் தகரத்தை விடவில்லை. "தலைமாட்டுல பச்சை இல்லாம அண்ணனை விட்டுட்டு வரச் சொல்றீங்களா?" என்றான். அவன் குரல் உடைந்தது. பெரியவர்கள் இரண்டு பேர் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

பவளம் தகரத்தை விட்டுவிட்டாள். "கால்மாட்டுல வச்சுக்க. தலைமாடு எனக்கு வேணும். அங்க ஒரு கல்லை மட்டும் நட்டுட்டு வா" என்றாள்.

பாடையைத் தூக்கினார்கள். லயத்து முனைவரை போய் நின்றாள். இந்தத் தடவையும் அங்கேயே நிறுத்தினார்கள். பறைச்சத்தம் தேயிலைக்குள் இறங்கி மறையும்வரை அசையாமல் நின்றாள். திரும்பும்போது ரோட்டோரத்தில் மூசா பாய் நின்றிருந்தார். ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். ஆண்டியப்பன் சம்பளத்தன்று தவறாமல் அவர் கடையில்தான் ரொட்டி சாப்பிடுவான்.

"என்ன சொல்றதுன்னே தெரியல தங்கச்சி. ஏதாச்சும் வேணும்னா சொல்லு."

எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். பவளம் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"வேணும் பாய். உங்க கடைச் சுவரோரத்துல ஒரு கெம்போஜா நிக்குதே, அதுல கிளை வேணும்."

மூசா பாய் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தக் கள்ளிமந்தாரை மரத்தை அவள் எத்தனையோ வருஷமாகக் கவனித்திருக்கிறாள். அடுப்புச் சூடு ஒரு பக்கம், தார்ரோட்டுச் சூடு ஒரு பக்கம். வேரைச் சுற்றி உடைந்த செங்கல்லும் கரியும். யாரும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில்லை. இலையெல்லாம் உதிர்ந்து செத்ததுபோல நிற்கும், மறுபடி துளிர்த்து வெள்ளையும் மஞ்சளுமாகப் பூக்கும்.

"கபருக்கு, குழிமேல வைக்கறதுக்கா? எங்க ஆளுங்களும் மலாய்க்காரங்களும் வைக்கறதுதான். ஆனா வெட்டின உடனே நடக் கூடாது தங்கச்சி. வெட்டுவாயில பால் வடியும். அது நின்னு, காஞ்சு, தோல் கட்டணும். ஈரத்தோட வச்சா அழுகிப்போயிரும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு வாரம் நிழல்ல போட்டு வையி. அதுக்குள்ள செத்துருமோன்னு பயப்படாத. அது சாகாது."

மறுநாளே கிளைகள் வந்தன. கட்டைவிரலைவிடப் பருமனான, சாம்பல் நிறத்தில், கை நீளத்தில் சில குச்சிகள். இலைகளை அவரே கிள்ளிவிட்டிருந்தார். பவளம் அவற்றை அடுப்படிச் சுவரில் சாய்த்து வைத்தாள். துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் அவற்றைப் பார்த்துவிட்டு அவளையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"புருசன் போயிட்டான், இவ விறகை வச்சுக் காவல் காக்கறா" என்று அம்மாக்கண்ணு யாரிடமோ சொன்னாள். காதில் விழட்டும் என்றே சொன்னாள். பவளத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தினம் காலையில் குச்சிகளின் அடியைத் தடவிப் பார்ப்பதை நிறுத்தவில்லை. பிசுபிசுப்பு போய், வெள்ளை படிந்து, கெட்டியாகிக்கொண்டு வந்தது.

காளியண்ணன் தினமும் திரிங்காப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து மேட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோனான். வீட்டுக்குள் வர மாட்டான். வாசலில் நின்று, "செடி நல்லா இருக்கு அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போவான். பத்து நாளைக்குப் பிறகு அதைச் சொல்வதையும் விட்டுவிட்டான். வானத்தில் மேகமே இல்லை.

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் பவளம் குச்சிகளைச் சாக்கில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டாள்.

"எங்கடி போற?" என்று அம்மாக்கண்ணு வழியை மறித்தாள். "பொம்பளை போற இடமாடி அது?"

"போகாம இருந்துதான் என் புள்ளையைத் தொலைச்சேன்" என்றாள் பவளம்.

அம்மாக்கண்ணு விலகிக்கொண்டாள். பவளம் கொஞ்ச தூரம் போன பிறகு, "வெயிலுக்கு முன்ன வந்துரு" என்று பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

மேடு அவள் நினைத்துக்கொண்டிருந்ததைவிடச் சிறியது. இத்தனை வருஷமும் மனசுக்குள் பெரிய காடாக வைத்திருந்தாள். ஆண்டியப்பனின் மண் இன்னும் சிவப்பாக, மேடாக இருந்தது. தலைமாட்டில் கல் இருந்தது. கால்மாட்டில் நீலப்பூச் செடி தலையைத் தொங்கப் போட்டிருந்தது. பூவெல்லாம் பழுப்பேறி, இலை ஓரம் கருகி, அடிமண் மட்டும் சொதசொதவென்று ஈரமாக இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு முதன்முதலாக அழுகை வந்தது. உட்கார்ந்து, சத்தம் வராமல், தேவையான அளவுக்கு அழுதாள்.

பிறகு எழுந்து கல்லைப் பிடுங்கினாள். ஒரு சாணுக்குமேல் தோண்டவில்லை. தோண்டிய மண்ணில் சரளையை அதிகமாகச் சேர்த்தாள், எருவின் பக்கமே போகவில்லை. காய்ந்த குச்சியை நிறுத்தி, மண்ணைத் தள்ளி மிதித்து, தண்ணீர் தேங்காதபடி சுற்றிலும் கொஞ்சம் மேடாக்கினாள். காற்றுக்கு ஆடாமல் இருக்க மூன்று பக்கமும் கல்லை முட்டுக் கொடுத்தாள். தட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

மோட்டார்ச் சத்தம் கேட்டது. காளியண்ணன் நிறைந்த பூவாளியோடு ஏறி வந்தான். அவளை அங்கே கண்டதும் நின்றுவிட்டான். அப்புறம் குச்சியைப் பார்த்தான்.

"நட்டுட்டீங்களா? இருங்க, தண்ணி ஊத்தறேன்." கை பழக்கத்தில் பூவாளியைச் சாய்த்தான்.

பவளம் பூவாளியின் மூக்கைப் பிடித்துத் தள்ளினாள். "ஊத்தாத."

"நட்டதும் தண்ணி காட்டாம எப்படி அண்ணி? பச்சைப் புள்ளைக்குப் பால் குடுக்காத மாதிரி."

"உங்கண்ணன் குடுத்தாரு. காலையும் சாயந்தரமும் குடுத்தாரு. புள்ள எங்க காளி?"

அவன் பூவாளியை இறக்கினான். பூத்தோட்டக்காரன் காய்ந்துபோன தன் செடியையும், இலையே இல்லாத அவள் குச்சியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"துளிர் விட்ட பிறகு ஊத்தலாமா?" என்று கடைசியில் கேட்டான்.

"மழை ஊத்தும்."

அவள் சாக்கைச் சுருட்டினாள். உள்ளே இன்னும் குச்சிகள் இருந்தன. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அந்தக் கேள்வி தோன்றியது. பிள்ளையின் அடக்கத்தன்று ஆண்டியப்பனுக்குப் பின்னால் மண்வெட்டி தூக்கிக்கொண்டு போனவன் இவன்தான். அப்போது மீசைகூட அரும்பவில்லை.

"நீயும் கூடத்தானே போனே? எங்கன்னு ஞாபகம் இருக்கா?"

காளியண்ணன் லாலாங் புல்லுக்குள் இறங்கி நடந்தான். இடுப்பளவுப் புல். ஓரிடத்தில் நின்று கீழே தெரிந்த ரோட்டைப் பார்த்தான். தலையை அசைத்துக்கொண்டு இன்னும் மேலே ஏறினான். அங்கே நின்று மறுபடி ரோட்டைப் பார்த்தான். முதல் இடத்துக்கே திரும்பி வந்தான்.

"இங்கதான் இருக்கணும் அண்ணி. இல்லாட்டி..." மேலே கையைக் காட்டினான். "அங்க. ரெண்டுல ஒண்ணு. சத்தியமா சொல்லத் தெரியல."

பவளம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புல்லுக்குள் இறங்கினாள். அவன் நின்ற இடத்தில் புல்லை வேரோடு வெட்டித் தள்ளினாள்.

"இங்கதான்னு எப்படி அண்ணி?"

"ரெண்டு இடத்துலயும் வைக்கலாம். சரளை அள்ளிட்டு வா."

அவன் சட்டையைக் கழற்றி அதிலே சரளையை அள்ளி வந்தான். இரண்டு இடத்திலும் அவள் தோண்ட, அவன் கல்லை முட்டுக் கொடுத்தான். மேல் இடத்தில் கல் சரியாக நிற்கவில்லை. அவன் பிடுங்கிவிட்டுத் திரும்ப வைத்தான். அதற்குள் வெயில் ஏறிவிட்டது.

முடிந்ததும் பவளம் கையை விரித்துப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் செம்மண். காளியண்ணன் பூவாளியைத் தூக்கி, குச்சியிலிருந்து நாலடி தள்ளிப் போய் நின்றான்.

"இங்க வாங்க அண்ணி" என்றான்.

அவள் போய்க் கையை நீட்டினாள். அவன் தண்ணீரை ஊற்றினான்.