ஆடலூரிலிருந்து வந்த வசவு

விடிந்ததும் விடியாததுமாகச் சமீஹாவுக்கு வசவு விழுந்தது. திட்டியவர் ஆடலூர் ஆஸ்பத்திரி நர்ஸ் புவனா.

"மேடம், உங்க பெட்டி மறுபடி நின்னு கெடக்கு. நெஞ்சுவலின்னு ஒரு அம்மா படுத்திருக்காங்க. ஒயரைப் பிடுங்கி மாட்டுனப்புறந்தான் படம் மதுரைக்குப் போச்சு. இன்னொரு தடவை நின்னா திருப்பி அனுப்பிருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்புறம் வர்றவங்களை எல்லாம் ஜீப்புல போட்டு மலையிறக்கணும். பாதி வழியில என்ன ஆகும்னு நீங்களே சொல்லுங்க."

இதயத்துடிப்பைப் படமெடுக்கும் அந்தப் பெட்டியைச் செய்தது வேறொரு கம்பெனி. ஆனால் அந்தப் படத்தை வழியில் யாரும் எட்டிப் பார்க்காதபடி பூட்டி, மதுரை டாக்டருக்கு அனுப்பும் மென்பொருள் நூலகம், அதாவது மற்றவர்கள் எடுத்துத் தங்கள் கருவிகளில் சேர்த்துக்கொள்ளும் நிரல், சமீஹாவுடையது. கொடைக்கானல் பஜாரில், கணவர் சஜ்ஜாதின் சாக்லேட் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைத்திருந்தாள். பெட்டி நின்றால் கூப்பிட, கம்பெனி ஆஸ்பத்திரிக்கு அவள் நம்பரைத்தான் கொடுத்திருந்தது. பெற்ற பிள்ளையைக் குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"சிஸ்டர், இங்கயும் இதே பெட்டி ராப்பகலா ஓடுது. ஒரு தடவைகூட நின்னதில்ல. அங்க எதையாச்சும் மாத்துனீங்களா?"

"நாங்க என்னத்த மாத்துறோம்? மாடியில சோலார் போட்டாங்க, அவ்வளவுதான். முன்னெல்லாம் காத்தடிச்சாலே கரண்ட் போயிரும், பெட்டியும் அணைஞ்சு அணைஞ்சு எரியும். அப்பல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சு. இப்ப கரண்டே போறதில்ல, இது மட்டும் நின்னு போகுது."

போனை வைத்த பிறகுதான் சமீஹாவுக்கு உறைத்தது. மழைக்காலத்தில் இந்த ஊரில் கரண்ட் போகாத நாள் உண்டா? ராப்பகலாக ஓடுகிறது என்று பெருமை பேசினாளே, அந்தச் சோதனைப் பெட்டி தினமும் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. அணைந்து எரியும்போதெல்லாம் பெட்டியின் நினைவகம் காலியாகிவிடும்; அதில் சேர்ந்த குப்பையை எல்லாம் மின்வெட்டு வந்து கூட்டிப் பெருக்கிவிட்டுப் போயிருக்கிறது. கரண்ட் போகாத ஊரில் குடியிருந்தால் என்றைக்கோ கண்டுபிடித்திருப்பாள்.

கீழே போய்ச் சஜ்ஜாதிடம் கடை இன்வெர்ட்டரைக் கேட்டாள். அது ஐஸ்கிரீம் பெட்டிக்கென்று வாங்கியது.

"எத்தனை நாளைக்கு?"

"பெட்டி நின்னு போற வரைக்குங்க."

"நின்னு போறதுக்கா ஓட விடுற?" சஜ்ஜாத் சிரித்தார். "எடுத்துக்க. இந்தக் குளிருல ஐஸ்கிரீம் கேக்குறவன் பைத்தியக்காரன். உருகுனா நாமளே தின்னுக்குவோம்."

முகம் சுளிக்காமல் தூக்கிக் கொடுத்த மனுஷனை நினைத்து, படியேறும்போதே அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஆடலூரில் இருப்பது போலவே சிம் கார்டைப் போட்டுப் பெட்டியை ஓடவிட்டாள். திரையில் நினைவகத்தின் கோடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, இறங்கவே இல்லை. அது ஏறிய நேரங்களைப் பார்த்தாள். படம் பாதி போய்க்கொண்டிருக்கும்போது சிக்னல் அறுந்தால் மட்டும் ஏறியது. அப்போதெல்லாம் அவள் எழுதிய நிரல் 'முடியவில்லை' என்று கைவிரித்துவிட்டு, வேலைக்கென்று நினைவகத்தில் வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்காமல் நடையைக் கட்டியது. இரவல் பாத்திரங்களை வாங்கி வாங்கி வீட்டை அடைத்துக்கொண்ட கதைதான். அதைவிட மோசம், திருப்பித் தராத ஒவ்வொரு பாத்திரத்திலும் பூட்டின் சாவி அப்படியே கிடந்தது. அது எவன் கையிலாவது சிக்கினால் நோயாளிகளின் படத்தைத் திறந்து பார்த்துவிடலாம்.

திருத்தம் இரண்டே வரி. சாவியை அழி, பிறகு இடத்தைத் திருப்பிக் கொடு. புதிய பதிப்பை ஆடலூர்ப் பெட்டியில் ஏற்றிவிட்டு, எடுத்துப் பயன்படுத்தும் மற்றவர்களுக்கும் சீக்கிரம் மாற்றிக்கொள்ளச் சொல்லி எழுதினாள்.

மழை ஓய்ந்த ஒருநாள் புவனா கூப்பிட்டார்.

"மேடம், அன்னையிலருந்து பெட்டி நிக்கவே இல்ல. இங்கயே இருக்கட்டும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

சமீஹா கண்ணை மூடி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். பிறகு, "சிஸ்டர், மத்தவங்களும் மாத்திக்கிட்டாங்க, இந்தப் பிழையோட விவரத்தை இனிமேதான் வெளியிடப் போறேன். கண்டு சொன்னவங்க பேரை எழுதி நன்றி சொல்றது எங்க வழக்கம். உங்க பேரைத்தான் போடுறேன்" என்றாள்.

"என் பேரா? நான் உங்களைத் திட்டத்தானே செஞ்சேன்."

"அதுக்குத்தாங்க நன்றி. நீங்க திட்டாம பெட்டியத் திருப்பி அனுப்பியிருந்தா எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

"அப்ப கருப்பம்மாள் பேரையும் போடுங்க மேடம். அன்னைக்குப் படுத்திருந்த அம்மா. பெட்டி நின்னதும் எனக்கு ஒயரு எதுன்னே தெரியல. அந்த வலியிலயும் அவங்கதான், 'பதறாம மாட்டு தாயி, நான் எங்கயும் போயிற மாட்டேன்'னு சொன்னாங்க."

சமீஹா கேட்டாள்: "இப்ப எப்படி இருக்காங்க?"

"மிளகு பறிக்கப் போயிருக்காங்க. போகாதீங்கன்னா கேக்குறாங்களா?"

சமீஹா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நன்றி வரியில் கருப்பம்மாள் என்ற பெயரை முதலில் எழுதினாள்.