கேக் நடந்து வந்த வழி

சிரிலின் மனைவி மேவிஸுக்கு நடப்பதென்றால் உயிர். சிரிலுக்கு நடந்து முடித்தபின் கிடைக்கும் பீர் என்றால் உயிர். ஆகவே சனிக்கிழமை தவறாமல் இருவரும் பூட்ஸை மாட்டிக்கொண்டு இங்கிலாந்தின் ஷ்ராப்ஷர் கிராமப்புற மேடுபள்ளங்களில் இறங்கிவிடுவார்கள்.

ஹெட்லியின் பண்ணையில் மட்டும்தான் தகராறு. அவன் வயலுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதை சட்டப்படி பொதுவழி, யாரும் நடக்கலாம். ஹெட்லிக்கு அது பிடிக்கவில்லை. ஒரு வருஷம் பாதைமேலேயே சோளம் விதைத்தான். மேவிஸ் சோளத்துக்குள் புகுந்து போனாள். மறுவருஷம் கேட்டுக்குப் பூட்டுப் போட்டான். ஏறிக் குதித்துப் போனாள். ஆள் நடக்காவிட்டால் பாதை செத்துவிடும் என்பது அவள் கட்சி.

அந்த ஜூன் சனிக்கிழமை ஹெட்லியின் மகளுக்குக் கல்யாணம். காலையிலேயே சிரில் கெஞ்சிப் பார்த்தான்.

"இன்னிக்கு ஒரு நாள் வேற பக்கம் போவமே. சேறும் சகதியுமா அங்க போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

"நான் என்ன பந்தியிலயா உக்காரப் போறேன்? என் பாட்டுக்கு ஓரமா நடந்து போயிடுவேன்."

"ஓரமா எங்க போறது? கூடாரத்தையே பாதை மேலதான் அடிச்சிருக்கானாம். பப்புல பேசிக்கிட்டாங்க."

மேவிஸின் முகம் மலர்ந்தது. வாயைத் திறந்திருக்கக் கூடாது என்று சிரிலுக்கு அப்போதுதான் உறைத்தது.

இரவெல்லாம் பெய்த மழை வெறித்து, உயிர்வேலிகளில் காட்டு ரோஜா பூத்துக் கிடந்தது. பண்ணைச் சாலையை ஓடை கடக்கும் பள்ளத்தில், நடுத்தண்ணீரில் ஒரு வேன் நின்றது. பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் ஒரு பெண், செல்போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பள்ளத்துல சிக்னல் கிடைக்காதும்மா," என்றான் சிரில். "என்ன ஆச்சு?"

அவள் பெயர் ரோவீனா. இஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டது. வேனுக்குள் ஹெட்லி மகளின் கல்யாணக் கேக், மூன்று அடுக்கு, மூன்று பெட்டிகளில். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழறதுக்கு நேரமில்ல," என்றாள் மேவிஸ். "ரோட்டுல சுத்திப் போனா சாயங்காலம் ஆயிடும். வயல் வழியா ரெண்டே வயல்தான். தூக்குங்க."

பெரிய பெட்டியை ரோவீனாவும் நடுப்பெட்டியை மேவிஸும் எடுத்துக்கொண்டார்கள். சிரிலின் கைக்கு வந்தது தொப்பிப் பெட்டி அளவில் ஒன்று.

"எனக்கு மட்டும் குட்டியா?"

"உன் முட்டி ஒழுங்கா இருந்தா பெருசு குடுத்திருப்பேன். நட."

ஓடைமேல் இருந்த மரப்பாலத்தைக் கடந்தார்கள். வேலிகளில் ஆள் ஏறி இறங்கப் போட்டிருந்த படிகளில், ஒருவர் ஏறி நின்று மற்றவரிடம் பச்சைப் பிள்ளையை வாங்குவதுபோலப் பெட்டிகளை வாங்கினார்கள். முதல் வயலில் இளங்காளைகள் மேய்ந்துகொண்டிருந்தன. வேடிக்கை பார்க்கும் ஆசையில் அவை கும்பலாகப் பின்னால் ஓடிவந்தன.

"ஐயோ, ஓடிரலாமா?" என்றாள் ரோவீனா.

"ஓடாத. நீ ஓடினா அதுங்களும் ஓடும்," என்றாள் மேவிஸ். "சிரில், நீ பாத்துக்க."

சிரில் ரிட்டயர் ஆகும்வரை பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். திரும்பி நின்று தொண்டையைச் செருமினான். "யாருடா பின்னால தள்றது? அவனவன் எடத்துல நில்லு. வரிசையா வந்தாதான் இறக்கி விடுவேன்."

காளைகள் நின்றேவிட்டன. ரோவீனாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை; பெட்டி குலுங்கியது. மேவிஸ் அதட்டினாள், பிறகு அவளும் சிரித்தாள்.

இரண்டாவது வயலின் முடிவில் அந்தப் பூட்டுப் போட்ட கேட். பெரிய பெட்டியை அதற்கு மேலாகத் தூக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து மறுபக்கத்திலிருந்து ஹெட்லியே வந்தான். இறுக்கமான கல்யாண சூட், செக்கச் சிவந்த முகம். வேனைத் தேடிக் கிளம்பியவன் மேவிஸைக் கண்டதும் இடுப்பில் கை வைத்தான்.

"இன்னிக்குக் கூடவா, மேவிஸ்?"

"இன்னிக்கும்தான். உன் பொண்ணு கேக் எங்க கையில இருக்கு. கேட்டைத் திற."

ஹெட்லி பைகளைத் தடவிப் பார்த்தான். "சாவி வேலைக்குப் போடுற பேன்ட்டுல இருக்கு."

ஹெட்லி கேட்டைப் பார்த்தான், பெட்டிகளைப் பார்த்தான். கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுத் தானே கேட்டின்மேல் ஏறினான். பேன்ட்டின் பின்பக்கத் தையல் டர்ரென்று பிரிந்தது.

"நல்லாத்தான் ஏறுற," என்றாள் மேவிஸ். "கொஞ்சம் பழகணும்."

ஹெட்லி மேலே உட்கார்ந்தபடியே சிரித்துவிட்டான். பெட்டிகளை ஒவ்வொன்றாக வாங்கிக் கூடாரப் பக்கம் இறக்கினான்.

பாதை கூடாரத்தின் ஒரு வாசலில் நுழைந்து, மேஜைகளுக்கு நடுவே மறுவாசலை நோக்கிப் போனது. மேவிஸ் அதன்படியே நடந்தாள், ஓர் அடிகூட விலகாமல். சேற்று பூட்ஸும் கேக் பெட்டியுமாக ஊர்வலம் வருவதைக் கண்ட ஜனம், இதுவும் ஏற்பாடு என்று நினைத்துக் கை தட்டியது. மணப்பெண் டில்லி ஓடிவந்து சிரிலின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். ரோவீனா அடுக்குகளை ஏற்றி வைத்து, பெட்டியை இறுக்கிப் பிடித்ததில் சிரிலின் கட்டைவிரல் பதிந்திருந்த பள்ளத்தில் ஒரு காட்டு ரோஜாவைச் செருகினாள்.

"சரி, நாங்க வர்றோம்," என்றாள் மேவிஸ். "பாதையில போறவங்க நாங்க."

"பாதையில நடக்கலாம்னா, நின்னு இளைப்பாறலாம்தானே?" என்றான் ஹெட்லி, கோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. "நின்னு ஒரு கிளாஸ் குடிங்க. சட்டம் உங்க பக்கம்தான்."

மேவிஸ் யோசித்தாள். பிறகு குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள்.

பிடில்காரர் ஆரம்பித்ததும் ஹெட்லி அவளைத்தான் ஆடக் கூப்பிட்டான். காலுறையோடு அவள் சுழன்றாள். சுற்றுக்குச் சுற்று சோளத்தைப் பற்றி அவனைத் திட்டினாள், அவன் பதிலுக்குத் திட்டினான், இருவரும் நிறுத்தவில்லை. சிரில் ஒரு கையில் பீரும் மறுகையில் கேக்குமாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைப்பதற்குள், ரோவீனா வந்து அவன் கேக்கைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள்.

"எழுந்திரிங்க. முட்டியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."